ஹெல்மெட் அக்காவும் வெற்றிலைத் தட்டும்

ஹெல்மெட் அக்காவின் தலைமுடியைப் பார்த்தவர் மலேசியாவின் கோலசிலாங்கூரில் ஒருவரும் இல்லை. காலையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்க மோட்டார் சைக்கிளில் ஏறும்போது மாட்டும் ஹெல்மெட்டை அப்புறம் கழற்றவே மாட்டார். கோயிலில் தீபாராதனையைத் தொட்டுக்கொள்ளக்கூட முன்கண்ணாடியை மட்டும்தான் தூக்குவார். “கழட்டுனா எங்கயாவது மறந்து வெச்சிருவேன்லா” என்பது அவர் தரப்பு வாதம்.

அவர் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முன்பணம் வாங்கிய கூடாரக்காரர் வரவேயில்லை. விருந்தினர்கள் மழையில் நனைந்துகொண்டே பிரியாணி சாப்பிட்டார்கள். கல்யாணமும் நெருங்கியது. வேறு கூடாரம் சொல்ல அந்த முன்பணம் திரும்பி வந்தாக வேண்டும். அக்கா சிறு கோரிக்கை வழக்குப் போட்டார். அதில் வழக்கறிஞருக்கு வேலையில்லை. மனுவை எதிராளியிடம் சேர்ப்பதும் வழக்குப் போட்டவர் தலையில்தான்.

பதிவுத் தபால் கையெழுத்தில்லாமல் திரும்பியது. நேரில் போனால், சுங்கை புரோங்கில் கூடாரக்காரரின் வீட்டில் சன்னல் திரை விலகும், ஹெல்மெட் தெரியும், உடனே கேட்டில் பூட்டு விழும். பொறுமையிழந்த அக்கா, மனுவை அந்த வீட்டு நாயின் கழுத்துப்பட்டையில் செருகிவிட்டு வந்தார்.

“நாயும் அந்த வீட்டு ஆளுதானே, அண்ணே?”

நான் நீதிமன்றத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வுபெற்றவன். “சட்டத்துல நாய்க்கு இடமில்லம்மா. அவரு கையில கொடுக்கணும். அடுத்த விசாரணைக்குள்ள கொடுக்கலைன்னா கேஸைத் தள்ளிருவாங்க.”

அக்கா யோசித்தார். “நாளைக்கு வேட்டி கட்டிக்கிட்டு ரெடியா இருங்க.”

மறுநாள் பட்டுச்சேலையும் மல்லிகைச்சரமுமாக ஒரு பெண்மணி என் வீட்டு வாசலில் நின்றார்.

“யாரும்மா வேணும்?”

“அண்ணே, காரை எடுங்க!”

குரல்தான் காட்டிக்கொடுத்தது. கையில் தாம்பாளம்: வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குங்குமம், நடுவில் மனு. நீதிமன்ற முத்திரை மேலே தெரியும்படி நான்தான் திருப்பி வைத்தேன். முறை என்றால் முறை.

தட்டோடு வந்தவர்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்த யாருக்கு மனம் வரும்? கூடாரக்காரர் ஓடிவந்து பூட்டைத் திறந்தார்.

“வாங்க, வாங்க! எந்த ஊர்ல கல்யாணம்?”

“எல்லாம் இதுல போட்டிருக்கு. கட்டாயம் வந்துரணும்.”

“வராம இருப்பேனா?” என்று வாங்கிக்கொண்டவர், குங்குமமும் இட்டுக்கொண்டார்.

காரைக் கிளப்பும்போது பின்னால் ஓர் அலறல் கேட்டது. நாய் மட்டும் நிதானமாக வாலாட்டியது. அதற்குத்தான் வழக்கு விவரம் ஏற்கெனவே தெரியுமே!

விசாரணையன்று, மனு முறைப்படி வரவில்லை என்று கூடாரக்காரர் சாதித்தார்.

“கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டுப் போனார்களா?” என்று மாஜிஸ்திரேட் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

கூடாரக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. “வெத்தலத் தட்டை யாராச்சும் தரையில வைப்பாங்களா? ரெண்டு கையாலயும் வாங்கினேங்க!”

அதற்குமேல் சாட்சி எதற்கு? நனைந்த விருந்தினர்களின் படங்களை அக்கா காட்டினார். முன்பணம் திரும்பியது. ஹெல்மெட்டும் தலைக்குத் திரும்பியது.

இரண்டு வாரம் கழித்து என் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. இறங்கிய அக்கா, யாரும் கேட்காமலே ஹெல்மெட்டைக் கழற்றி இருக்கையில் வைத்தார். தலையைக் கோதிக்கொண்டு, மகளின் கல்யாணப் பத்திரிகை வைத்த தட்டை நீட்டினார்.

முத்திரை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.