கோழிக்கு மருந்து சொல்கிறவர்

கமுதிப் பக்கம் வெயில் ஏற ஏறத் தழைக்கும் ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன்: ஊரார் கோழிக்கு மருந்து சொல்கிறவர். அவரிடம் ஒரு கோழியும் கிடையாது. இருந்தால் இவ்வளவு தெரிந்திருக்குமா?

எங்களூரில் அவருக்குப் பெயர் கூத்தையா. எந்த வீட்டுக் கோழியாவது தலையைத் தொங்கப்போட்டால் போதும், வாயில் வேப்பங்குச்சி, கக்கத்தில் தழைக்கட்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்ற முன்னுரை, மூன்றோடும் வந்து இறங்கிவிடுவார். எப்போது சொன்னார்? அதெல்லாம் கேட்கக்கூடாது.

தொண்ணூற்றெட்டு சித்திரையில் நாகலெட்சுமியின் கொட்டகையில் இருநூறு கோழிகளும் வெக்கை தாளாமல் வாயைப் பிளந்து இரைத்தன. புருஷன் போனபின் அவளுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சோறு போட்டவை அந்தக் கோழிகள்தான். பாவம், பதறிப்போய் நின்றாள். உச்சிவெயிலில் கூத்தையா வந்தார்.

"ஏத்தா, நெல்லிக்காயும் துளசியும் இடிச்சுச் சாறெடு. ஒவ்வொண்ணாப் பிடிச்சு அலகைத் தொறந்து ஊத்து. தண்ணியில கலந்தா வீரியம் போயிரும்."

"வெயில் தாழட்டும் மாமா. இப்பப் பிடிச்சா மெரண்டு அடிச்சுக்கிரும்."

"வைத்தியம் நீ சொல்றியா, நான் சொல்லவா?"

துரத்தினார்கள், பிடித்தார்கள், புழுதி கிளப்பினார்கள். சாயங்காலத்துக்குள் பதினொன்று செத்தன. "சாறு பத்தலை" என்றார் கூத்தையா. மறுநாளும் அதே துரத்தல்; ஒன்பது போயின. "துளசி சரியில்ல." தன்னைத் தவிர எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்தார்.

மூன்றாம் நாள் கீழக்கரையில் ஒரு கல்யாண விருந்துக்குப் போனவர் ஒரு வாரம் அங்கேயே தங்கிவிட்டார். அந்தப் பிரியாணி வாழ்க! நாகலெட்சுமி அதே சாற்றை விடியற்காலையில் தண்ணீரில் கலந்து வைத்தாள், சுற்றிலும் ஈரச்சாக்கு கட்டினாள், ஒருவரையும் உள்ளே விடவில்லை. நான்கே நாளில் கோழிகள் தெளிந்து இரை பொறுக்கின.

திரும்பி வந்த கூத்தையா, தன் மகிமையைக் காட்ட ஆறு பேரைத் திரட்டிக்கொண்டு வந்தார். அதுவும் உச்சிவெயிலில்.

"பாத்தீகளா? நம்ம மருந்து!"

நாகலெட்சுமி வாசலை மறித்து நின்றாள். "மருந்து ஒங்களதுதான் மாமா. நல்ல மருந்து. நீங்க இங்கன வராம இருந்தா நல்லாவே கேக்குது."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அவள் சாறு கலந்த இடத்தில், 'கூடக் கொஞ்சம் மஞ்சளும் போட்டிருக்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால், ஐயா, வாசலிலேயே நில்லுங்கள். உள்ளே நூற்றெண்பது கோழிகள் இப்போதுதான் கண் அசந்திருக்கின்றன.