நான்காம் தகடு தேடிய படலம்

வாழி, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வாழி. தட்டித் தடவி வந்தோர்க்கெல்லாம் ஒளி வழங்கிய வள்ளல், கறை படிந்த பழைய கால்சட்டையே கவசமாகவும் நீண்ட ஸ்பேனரே வாளாகவும் பூண்டு, சனிக்கிழமை மதிய உணவுக்குப் பின் வரும் தூக்கம் என்னும் பெரும்பகையை முதற்கண் வென்று, கார்க் கொட்டகைக்குள் புகுந்த அத்திருநாளைப் பாடத் தொடங்குகிறோம். கேட்போர் சற்றே நகர்ந்து உட்காரவும், வழியில் ஜாக்கி கிடக்கிறது.

அவருடைய தேர் அவர் கல்யாணத்துக்கும் முந்தியது. வெண்ணெய் நிறம், உருண்டை விளக்குகள், ஓரமெல்லாம் பளபளக்கும் பட்டை என்று கண்பட்டுவிடும் அழகு. ஆனால் பிரேக்கை மிதித்தால் போதும், முன்சக்கரங்களினின்று எழும் 'கிரீச்' என்னும் பேரோலம், நாய்களைக் குரைக்க வைத்து, தூங்கும் குழந்தைகளை எழுப்பி, கடைவாசலில் நிற்போரைத் திரும்பிப் பார்க்கச் செய்து, தேர் வருமுன் தான் வீடு வந்து சேரும். அதைக் கேட்டுத்தான் மகள் எழுந்து போய்க் கேட்டைத் திறப்பாள். ஹாரன் என்று ஒன்று இருப்பதையே அந்த வீட்டில் எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள்.

அவ்வோலத்தால் பெரிதும் நொந்தவர் இல்லத்தரசியார். சிக்னல் நெருங்கும்போதே கைப்பையைத் திறந்து, இல்லாத எதையோ தேடுகிறவர்போல் தலையை அதற்குள் விட்டுக்கொள்வார். மறுநாளோ தங்கையின் புது வீட்டைப் பார்க்கப் போக வேண்டும். அவருடைய அண்ணன் வேறு தம் புத்தம்புதிய காரில் வருகிறார். எனவே அன்று காலை, முரசு அறையாமலே ஓர் அரச கட்டளை பிறந்தது.

"நாளைக்கும் அது கத்துச்சுன்னா நான் அண்ணன் கார்ல போயிக்கிறேன். நீங்களும் அதுவும் பின்னால வாங்க."

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. கல்யாணமான புதிதில் அதே முன்சீட்டில் அமர்ந்து, ஜன்னலில் முழங்கை ஊன்றி, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று வந்தவர் அந்த அம்மையார். அந்த இடம் காலியாக வருவதை மைத்துனர் தம் கார்க் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போவாரே என்பதை நினைக்க நினைக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. வாங்கி வைத்து மாதக்கணக்கில் டிக்கியிலேயே உறங்கிய புதிய பிரேக் பேடுகள் நான்கும், பேடுகளின் முதுகில் ஒட்டி நின்று கத்தலை அடக்கும் ஷிம் என்னும் மெல்லிய தகடுகள் நான்கும் வெளியே எடுக்கப்பட்டன. மெக்கானிக்கிடம் விடலாமே என்றாள் மகள். வீரர்கள் போரை வாடகைக்கு விடுவதில்லை.

தேர் உயர்ந்தது. சக்கரங்கள் கழன்றன. பேடுகளைப் பிடித்திருந்த துருவேறிய பின்கள் மட்டும், உயிர் போனாலும் இடம்பெயரோம் என்று நின்று, எண்ணெய் விட்டும் சுத்தியலால் தட்டியும் கெஞ்சியும் வைதும் அசையாமல் இருந்து, பிறகு ஒரு காரணமும் இல்லாமல் தாமே விழுந்தன. நீண்டிருந்த பிஸ்டன்கள் கிளாம்பின் பிடியில் முனகிக்கொண்டே பின்வாங்கின. ஸ்டூலில் விரித்த செய்தித்தாளின் மேல் பேடுகளும் கிரீஸ் பூசிய தகடுகளும் அணிவகுத்து நின்றன. இல்லத்தரசியார் கொண்டுவந்த டீ அந்தச் சேனையின் நடுவே வைக்கப்பட்டது, குடிக்கப்பட்டது, கோப்பை உள்ளே போனது.

வலச்சக்கரம் முடிந்தது. இடச்சக்கரத்தில் பாதி முடிந்தது. நான்காம் தகட்டுக்குக் கை நீட்டிய வீரர் வெறும் காகிதத்தைத் தடவினார்.

"இந்த வீட்ல வச்ச பொருள் வச்ச இடத்துல இருக்காதா?" என்று அவர் முழங்க, கூரையில் இருந்த பல்லி வேறிடம் பார்த்துப் போனது.

படிக்கும் கண்ணாடியைப் போட்டுத் தேடினார். தூரக் கண்ணாடியைப் போட்டுத் தேடினார். இரண்டும் சேர்ந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எதனால் பார்ப்பது என்று தெரியாமல் தலையை மேலும் கீழும் ஆட்டித் தேடினார். ஊருக்கே கண் கொடுத்த உத்தமருக்கு ஒரு தீப்பெட்டி அகலத் தகடு தென்படவில்லை. ஒரே இடத்தில் இரண்டைச் செருகிவிட்டோமோ என்று, முடித்து மாட்டிய வலச்சக்கரத்தையும் மறுபடி கழற்றினார். அங்கும் இல்லை. தகடில்லாத பேட் ஒன்றே போதும், தங்கை வீட்டு வாசலில் மானம் போக.

சமையலறையில், கழுவுவதற்காகக் கோப்பையைக் கவிழ்த்த இல்லத்தரசியார், அதன் அடியில் கிரீஸோடு ஒட்டிக்கிடந்த தகட்டைக் கண்டார். பக்கத்திலேயே குப்பைக்கூடை இருந்தது. அண்ணன் காரில் ஏசி இருந்தது. இரண்டையும் அவர் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார் என்பதை மறைப்பது காவிய தர்மம் ஆகாது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபோது, காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீண்டிருந்தன, அவற்றில் ஒன்றில் செருப்பில்லை. அவருக்கு மனசு கேட்கவில்லை.

"இதையா தேடுறீங்க? கப்புக்கு அடியில ஒட்டிக்கிட்டு வந்திருக்கு."

"ஆமா, அங்கதான் வச்சிருந்தேன்," என்று மாவீரர் படுத்தவாறே திருவாய் மலர்ந்தார்.

தகடு ஏறியது, சக்கரங்கள் பூட்டப்பட்டன, பெடல் கெட்டிப்படும்வரை மிதிக்கப்பட்டது. மாலை வெயிலில் இருவரும் வெள்ளோட்டம் புறப்பட்டார்கள். சிக்னல் வந்தது. அம்மையார் வழக்கம்போல் கைப்பைக்குள் தலையை விட்டார். வீரர் மூச்சை அடக்கிப் பிரேக்கை மிதித்தார். தேர் நின்றது, ஒரு நாயும் குரைக்கவில்லை. அம்மையார் மெல்லத் தலை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்து, "ம்," என்றார். அந்த ஓரெழுத்தை மாலையாகச் சூடிக்கொண்ட கடைக்காரருக்குக் கண் கலங்கியது, கிரீஸ் பட்டுவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். திரும்பும் வழியெல்லாம் அம்மையாரின் முழங்கை ஜன்னலில் இருந்தது.

இவ்வாறு, பேரோலத்தை அடக்கியும், மைத்துனரின் குளிர்காற்றுத் தேரைத் தேடிப் போகவிருந்த திருவை முன்சீட்டிலேயே நிலைபெறச் செய்தும், வாகை சூடி மீண்ட வெண்ணெய்நிறத் தேர், தன் கோட்டை வாயிலில் பூனைபோல் வந்து நின்றது. கதவம் திறக்கவில்லை. வீரர் ஹாரனை அழுத்தினார். அது ஒலிக்கவில்லை. ஓங்கிக் குத்தினார், அப்போதும் இல்லை. வீட்டுக்குள் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

அம்மையார் கைப்பையைத் திறந்து போனை எடுத்து, கேட்டைத் திறக்கச் சொல்லி மகளைக் கூப்பிட்டார்.