மூன்று துணைத்தலைவர்கள்

இரண்டாவது துணைத்தலைவரையும் முடிவு செய்துவிட்டு மதன்குமார் லிஃப்டுக்குள் நுழைந்தான். உள்ளே முதலாவது துணைத்தலைவர் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, நான் மனுசியிட்டச் சொல்லிப்போட்டன்," என்றார் சிவனேசன். யாழ்ப்பாணத்துக்காரர்; மதன்குமாரின் ஆஸ்பத்திரியிலேயே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவர். "அவவுக்குப் பெரிய சந்தோசம். நீங்களும் நானும் சேர்ந்து நிண்டா ஆர் எதிர்க்கிறது?"

"ஆமாண்ணே," என்றான் மதன்குமார்.

அமெரிக்காவில் தேர்தல் சூடு பிடித்திருந்த வருடம் அது. ஆஸ்பத்திரி டீ ரூம் டிவியில் எந்நேரமும், யார் யாரைத் துணை அதிபர் வேட்பாளராகச் சேர்த்துக்கொள்வது என்றே பேச்சு. பார்த்தவர்கள் எல்லாருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. ஓட்டுத்தான் இல்லை.

அந்தக் காய்ச்சல் நியூசிலாந்தின் ஆக்லாந்து தமிழ் மருத்துவப் பணியாளர் மன்றத்துக்கும் தொற்றியது. அதுவரை தலைவரையும் துணைத்தலைவரையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து, அந்த இருவரும் பொங்கல் விழா மேடையிலேயே முகம் திருப்பிக்கொண்டு நின்றதுதான் மிச்சம். இனிமேல் இருவரும் ஜோடியாகத்தான் நிற்கவேண்டும் என்று விதி போட்டார்கள்.

எக்ஸ்ரே எடுக்கும் மதன்குமாருக்கு மன்றத் தலைவராக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. திருச்சியில் இருக்கும் மாமனாரிடம், ஆனதுபோலவே சொல்லியும் வைத்திருந்தான். ஆனால் மன்றத்தில் ஒரு நாகரிகம் உண்டு. தலைவர் பதவி எனக்கு வேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொன்னால் பதவி ஆசை பிடித்தவன் என்று பெயராகிவிடும். அதனால் பத்துப் பேரிடம் நல்ல துணைத்தலைவர் எப்படி இருக்கவேண்டும் என்று அபிப்பிராயம் கேட்பதுபோல் ஆரம்பித்தான்.

சிவனேசனிடம் கேட்டபோது, "ரத்தம் ஏத்துற மாதிரித்தான் தம்பி. பொருத்தம் பாராமல் ஏத்தினா உடம்பு ஏற்காது," என்றார். சொல்லிவிட்டு அவன் முகத்தையே ஆவலாகப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், "உங்ககூடச் சேர்ந்து நிக்கிறதுன்னா எனக்குப் பெருமைண்ணே," என்று சொல்லிவிட்டான்.

வார்டு நர்ஸ் வேதவள்ளி மலேசியாவில் ஈப்போக்காரர். "பெல் அடிச்சா ஓடி வரணும். கண்ணாடி முன்னால நிக்கிற ஆள் வேணாம்லா," என்றபடி, உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த கறிபாப் டப்பாவைத் திறந்து நீட்டினார். மூன்றைத் தின்றுவிட்டுப் பிறகு எப்படிச் சேர்க்காமல் விடுவது? "நாமளே சேர்ந்து நின்னா என்னக்கா?" என்றான். வேதவள்ளி அவன் தோளில் தட்டி, இன்னும் இரண்டு கொடுத்தார். அங்கிருந்து கிளம்பித்தான் லிஃப்டில் ஏறினான்.

வீட்டில் மனைவி தேவதர்ஷினி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒருத்தர்கிட்டயாவது நேரா முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? முகத்தைப் பாத்தா பாவமா இருக்கு."

"அப்ப விவரம் தெரிஞ்ச யார்கிட்டயாவது யோசனை கேளுங்க."

விவரம் தெரிந்தவர் என்றால் மருந்துக்கடை வைத்திருக்கும் ரவிசங்கர்தான். "அண்ணே, இந்தத் துணைத்தலைவர் விஷயமா..." என்று மதன்குமார் ஆரம்பித்ததுமே ரவிசங்கர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நானே உங்களைப் பாக்க வரணும்னு இருந்தேன்! பக்கவிளைவு இல்லாத ஆளாப் பாத்துச் சேக்கணும் மதன். நீங்களும் நானும்னா கச்சிதம். என்ன சொல்றீங்க?"

கடையில் நான்கைந்து பேர் மருந்துக்குக் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் பெரிய மனிதரின் கையை உதற முடியுமா? மதன்குமார் தலையாட்டினான். மூன்று துணைத்தலைவர்கள் ஆகிவிட்டார்கள்.

மானம் போவதற்குள் ஒருவரையாவது கழற்றிவிடுவது என்று சனிக்கிழமை நியூ லின் பகுதியில் இருக்கும் சிவனேசன் வீட்டுக்குப் போனான். அவர் ஷாப்பிங் மாலில் வாங்கிய புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார்.

"தம்பி, சரியான நேரத்தில வந்தீங்கள். இதுக்கு எந்த டை பொருத்தம்?"

மதன்குமார் நீல நிற டையை எடுத்துக் கொடுத்தான். முடிச்சும் அவனே போட்டுவிட்டான். திரும்பி வரும்போது காரிலேயே தன்னைத் திட்டிக்கொண்டான்.

அடுத்து, தேர்தல் கூட்டத்துக்கே போகாமல் இருந்துவிடலாம் என்று பட்டது. வேதவள்ளிக்குப் போன் செய்து, "அக்கா, கூட்டத்தன்னைக்கு எனக்கு டியூட்டி," என்றான்.

பத்து நிமிடத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார். "உன் சூப்பர்வைசர்கிட்ட பேசிட்டேன் தம்பி. வேற ஆள் போட்டாச்சு. நீ இல்லாம நான் எப்படி நிக்கிறது?"

அந்த அன்புதான் அவனைக் கொன்றது. ஏமாற்றுகிறோமே என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். சர்ச் ஹாலின் முன்வரிசையில் மூன்று துணைத்தலைவர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிவனேசன் நீல டையைத் தொட்டுக் காட்டினார். வேதவள்ளி பட்டுப்புடவையில் கையசைத்தார். ரவிசங்கர் கட்டைவிரலை உயர்த்தினார். மூவருக்கும் சேர்த்து ஓர் அசட்டுச் சிரிப்பு சிரித்தான் மதன்குமார். இவர்களுடைய மூஞ்சியில் நாளைக்கு எப்படி விழிப்பது?

"நேரா சொல்லிடுங்க," என்று தேவதர்ஷினி அவன் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

தேர்தலை நடத்தும் பொறுப்பு பிசியோதெரபிஸ்ட் ஆனந்தவல்லியிடம் இருந்தது. அவர் ஹாலின் சமையலறையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். மதன்குமார் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. நான் தேர்தல்ல நிக்கலை."

"ஏன், என்னாச்சு?"

"சேர்ந்து நிக்கிறேன்னு மூணு பேருக்கு வாக்குக் கொடுத்துட்டேன். சிவனேசன் அண்ணன், வேதவள்ளி அக்கா, ரவிசங்கர். யாரையும் மறுக்கத் தைரியம் இல்லை. கேவலமா இருக்குக்கா. எனக்குத் தலைவர் ஆகிற யோக்கியதையே கிடையாது."

சொல்லி முடித்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனந்தவல்லி டீ கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தலைவரா? நீங்களா? அவங்க மூணு பேருமே தலைவருக்குத்தானே நிக்கிறாங்க மதன். துணைத்தலைவர் யாருன்னு கேட்டா, பதவி ஆசையே இல்லாத ஒரே மனுஷன்னு மூணு பேரும் உங்க பேரைத்தான் சொல்லியிருக்காங்க!"