மாமியாரின் நாற்பத்தொரு நிமிடம்

ஒன்பது வருடமாகப் பிம்பா பார்த்து வருகிறாள். தாய்லாந்து மொழி கற்றுத்தரும் தளம் ஒன்று புதிதாகக் கண்ணில் பட்டால் போதும், அவள் கணவன் ரேட்டோ ஒரு கணம் மூச்சைப் பிடிப்பான், முகவரியைப் பட்டியலில் ஒட்டுவான், பக்கத்தில் நட்சத்திரம் போடுவான், பிறகு நாற்காலியில் சாய்ந்து, விருந்து உண்டவன்போல வயிற்றைத் தடவிக்கொள்வான். அன்றைய பாடம் முடிந்தது.

வாசகரே, இது ஒரு தனி இனம். ‘சேகரர்’ என்று பெயர் வைக்கலாம்தான். உங்கள் தெருவில் உள்ள நாலு சேகர்கள் சண்டைக்கு வருவார்கள். ‘சேர்ப்பவர்’ என்றே வைத்துக்கொள்வோம். சேர்ப்பவர் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் எங்கள் சியாங் மாய் பக்கம், உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு சாராபியில் குடியேறிய வெளிநாட்டுக்காரர்களிடையே, மழைக்காலத்துக் காளான்போலச் செழிக்கிறார். சுவிட்சர்லாந்துக்காரனான ரேட்டோ அந்தக் குலத்தின் திலகம்.

எங்கள் மொழியில் ஒரே அசையை ஐந்து விதமாக ஏற்றி, இறக்கி, வளைத்துச் சொல்ல வேண்டும். ரேட்டோவிடம் ஐந்து தொனிக்கு ஐந்து நிறம் இருக்கிறது. ஐந்து நிறத்தில் ஆயிரத்து இருநூறு அட்டை, அட்டைகளைக் கலைத்துப்போட ஒரு செயலி, செயலிகளை ஒப்பிட ஓர் அட்டவணை, அட்டவணையை எப்படிப் படிப்பது என்று விளக்க அவனே எடுத்த ஒரு காணொளி. பேசும் குரலைக் கோடாக வரைந்து காட்டும் தளமும் உண்டு. அதன் முன்னால் உட்கார்ந்து காலை முழுக்க ‘மா, மா, மா’ என்று முனகுவான். அடுத்த வீட்டிலிருந்து மாமியார், “மாப்ளைக்கு வயித்து வலியா?” என்று மூலிகைப் பொடி கரைத்துக் கொடுத்தனுப்புவாள்.

சரி, பேசுவது எப்போது? அவசரப்படாதீர்கள். பேச்சு கடைசி அத்தியாயம்.

ஊர்க்காரர்களையும் சும்மா விடக் கூடாது. வெளிநாட்டுக்காரன் கைகூப்பி வணக்கம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், “அடேயப்பா, எவ்ளோ அழகா பேசுறாரு!” என்று சந்தையே மெச்சும். திருத்தினால் மனம் நோகுமே என்று வாயை மூடிக்கொள்வது எங்கள் நாகரிகம். இப்படி மெச்சி மெச்சியே ஒன்பது வருடத்தில் ஒரு நல்ல மனிதனை ஊமையாக்கினோம். மிச்சத்தைப் பிம்பா பார்த்துக்கொண்டாள். அவன் ஆங்கிலத்தில் சொல்வதை அவள் ஊருக்குச் சொல்வாள்; ஊர் சொல்வதை அவனுக்குச் சொல்வாள். மாவட்ட அலுவலகத்தில் எழுத்தர் வேலை போக, இது அவளுக்கு இரண்டாவது உத்தியோகம்.

மாமியார் சன்பேங், சாராபிச் சந்தையில் சுட்ட மிளகாய்த் துவையலும் பொரித்த பன்றித்தோலும் விற்பவள். குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பிம்பாவைப் பட்டம் வாங்க வைத்தது அந்தத் துவையல்தான். அவள் பேசுவது வடக்கத்திப் பேச்சு. அதில் தொனி ஆறு. இது தெரியவந்த நாளில் வீட்டில் துக்கம்.

“ஆறா? என் அட்டவணையில அஞ்சு கட்டம்தானே இருக்கு!”

மறுநாளே ஆறாவது நிறத்தில் அட்டை வாங்கிவிட்டான். ஆறு தொனியும் பத்தடி தூரத்தில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தன. அவளிடம் போய் உட்காரத் தோன்றியதா? எப்படித் தோன்றும்? அவளுக்குத்தான் தளமே இல்லையே!

ஆனால் ஒன்று, சேர்ப்பவர் பிறருக்கு மகா உபகாரி. ‘தொனி கற்க அறுபத்து நான்கு சிறந்த தளங்கள்’ என்ற அவன் பட்டியல், இணையத்தில் உள்ள கற்போர் குழுவில் எல்லாவற்றுக்கும் மேலே குத்தி வைக்கப்பட்டிருக்கிறது. போலந்திலிருந்து யாகோடா என்ற பெண் நன்றி சொல்ல நேரிலேயே வந்தாள். வந்தவள் சன்பேங்கின் கடையில் உட்கார்ந்து, பன்றித்தோல் ஏன் நமுத்துப்போகிறது என்பது பற்றி அரைமணி நேரம் வாயடித்தாள். ரேட்டோ அசந்துபோனான்.

“எந்தத் தளம்?”

“உங்க லிஸ்ட்ல மொதல்ல இருந்ததுதான். எட்டு மாசம் அது ஒண்ணு மட்டும்.”

“மீதி அறுபத்து மூணு?”

“பாக்கலயே.”

அவளை அவன் பார்த்த பார்வையில் அவ்வளவு பரிதாபம்.

இப்படியே போயிருக்கும். அதற்குள் சன்பேங்கின் வலது கண்ணில் புரை விழுந்தது. அரசு மருத்துவமனையில் அறுவைக்குத் தேதி கொடுத்தார்கள். அன்று பார்த்துப் பிம்பாவின் அலுவலகத்தில் தணிக்கை. மாமியாரும் மருமகனும் தனியாகப் போனார்கள், ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக.

மதியமே திரும்பினார்கள். சன்பேங்கின் கண்ணில் கட்டு இல்லை.

“என்னம்மா ஆச்சு?”

“கூட்டம்” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் மிளகாய் சுடப் போய்விட்டாள்.

ரேட்டோ குதித்துக்கொண்டு வந்தான். “பிம்பா! நாப்பத்தோரு நிமிஷம்! ஆஸ்பத்திரியில காத்திருந்தப்போ அம்மா பேசிக்கிட்டே இருந்தாங்க. ஆறு தொனியும் இருக்கு! ஃபோன்ல பதிவு பண்ணிட்டேன். இந்த மாதிரி ஒண்ணு இணையத்துலயே கிடையாது!”

“என்ன சொன்னாங்க?”

“அதான் பதிவு இருக்கே.”

“நீ என்ன சொன்ன?”

“மரியாதையா ‘க்ரப்’ சொன்னேன். அவங்க நிறுத்துறப்போ எல்லாம்.”

க்ரப் என்பது எங்கள் ஆண்கள் பணிவாகச் சொல்வது. ‘ஆமாங்க’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒன்று அவனுக்குப் பிசிறில்லாமல் வரும்.

மாலைக்குள் பதிவு குழுவில் ஏறியது. தலைப்பு: ‘இயல்பான வடக்கத்திப் பேச்சு, மூத்த பெண், தெளிவான ஒலி.’ நானூறு பேர் நன்றி சொன்னார்கள். யாகோடா மட்டும் கீழே எழுதியிருந்தாள்: “இருபத்தொன்பதாவது நிமிஷத்துல அம்மா உங்ககிட்ட ஒண்ணு கேக்குறாங்க. நீங்க ஆமான்னு சொல்றீங்க. நெஜமாவா?”

ரேட்டோ உடனே பதில் போட்டான்: “நேரக் குறிப்புக்கு மிக்க நன்றி! விவரத்தில் சேர்த்துவிட்டேன்.”

பிம்பா அந்த நிமிடத்துக்கு நகர்த்திக் கேட்டாள். அம்மாவின் குரல், சந்தையில் கேட்காத குரல்.

“மாப்ள, எனக்கு மனசுல வச்சுப் புழுங்க முடியல. கேட்டுடறேன். எனக்குக் கண்ணு சரியாகட்டும்னுதான் நீங்க ரெண்டு பேரும் இங்க காத்துக்கிட்டு இருக்கீங்களா? நல்லாத் தெரிய ஆரம்பிச்சதும் உங்க ஊருக்குக் கிளம்பிடுவீங்களா?”

“க்ரப்” என்றான் ரேட்டோ. தொனி துளியும் பிசகவில்லை.

“அப்படியா. அப்ப எனக்கு இந்தக் கண்ணே போதும்.” நாற்காலி நகர்ந்தது. மீதிப் பன்னிரண்டு நிமிடம், வழியெல்லாம் அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்த பேச்சும், பின்னாலேயே போனைப் பிடித்துக்கொண்டு வந்தவனின் செருப்புச் சத்தமும்தான்.

பிம்பா ஓடினாள். “அம்மா, நாங்க எங்கயும் போகலம்மா! அவனுக்கு நீ கேட்டதே புரியலம்மா.”

சன்பேங் மிளகாயைப் புரட்டினாள். “நீ சொல்லுவ. எப்பவும் அவனுக்கும் சேத்து நீதானே பேசுற. ஒன்பது வருசத்துல அவன் எங்கிட்டச் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான்டி. அதைப் போய் பொய்ங்கிற.”

பிம்பா நடந்துகொண்டே யோசித்தாள். அவனுக்கு வாயாக இருந்தது உதவியா, உபத்திரவமா? படித்தவள் நான் என்று நடுவில் நின்று இரண்டு பேரையும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஆக்கிவிட்டேனோ? திரும்பி வந்து கணவனிடம் சொன்னாள்:

“இனிமே நான் மொழிபெயர்க்க மாட்டேன். நீயே போய்ச் சொல்லு. ‘நாங்க எங்கயும் போகல’. ஒரே வரி. நீ சொன்னாத்தான் அம்மா ஆஸ்பத்திரிப் படி ஏறுவாங்க.”

ரேட்டோவின் முகம் வெளுத்தது. நிஜமாகவே கண் கலங்கினான், கெட்டவன் இல்லை. “சொல்றேன். கண்டிப்பா சொல்றேன். ஆனா வடக்கத்தித் தொனியில சரியாச் சொல்லணும், பிம்பா. மறுபடி தப்பாயிடக் கூடாது. ஒரு வாரம் குடு.”

அந்த வாரம் வடக்கத்திப் பேச்சுக்கு மட்டும் பதினேழு தளங்கள் கிடைத்தன. அடுத்த வாரம் ஒரு பேராசிரியரின் உரைத்தொடர். ‘எங்கயும் போகல’ என்பதைப் பன்னிரண்டு பேர் சொல்லும் ஒலித்துண்டுகளைத் தரம் பிரித்தான். மாமியார் வேலிப் பக்கம் வந்தால், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தான். மருத்துவமனை மறுபடி தேதி கொடுத்தது. அந்தத் தேதியும் போயிற்று. இந்தப் புரையை முற்றவிட்டால் அறுவை கடினம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சன்பேங் இப்போது சில்லறையைத் தடவித்தான் கொடுக்கிறாள்.

எனக்குத் தாய்லாந்தும் வேண்டாம், தொனியும் வேண்டாம், நான் இந்த இனமில்லை என்கிறீர்களா? ரொம்ப நல்லது. நேற்று உங்கள் வீட்டில் யாரோ உங்களிடம் என்னவோ கேட்டார்கள். கையிலிருந்த போனிலிருந்து தலையை எடுக்காமல் ‘ம்’ என்றீர்கள். என்ன கேட்டார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்?

நிதானமாக யோசியுங்கள். சன்பேங்குக்கு ரேட்டோ சொல்ல வேண்டிய அந்த ஒரு வரி இன்னும் பாக்கி.