நகமில்லார் நடத்திய உறைப்போர்

எச்சில் தொடாத உத்தமரை, ஈரப்பஞ்சின் நாயகரை, கோந்துக் கோமானை முதற்கண் வணங்கித் தொடங்குவோம். செவிலியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றின் தரைத்தளத்தில், மாடிப்படியின் அடிவயிற்றுக்குக் கீழே, வடக்கே அலமாரியும் தெற்கே குடிநீர்க் குழாயும் கிழக்கே தட்டச்சர் மேசையும் மேற்கே ஈரம் பூத்த சுவரும் எல்லையாக அமைந்த தபால் பிரிவு என்னும் திருநாட்டை, இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு குடைக்கீழ் ஆண்டுவந்த எழுத்தர் அவர். குடை என்றது வெறும் அலங்காரமன்று. படியில் யார் தண்ணீர் சிந்தினாலும் அது நேரே அவர் தலையில்தான் இறங்கும் என்பதால், நாற்காலிக்குப் பின்னால் உண்மையாகவே ஒரு கறுப்புக் குடை தொங்கியது.

நான்கு மணி அஞ்சல் வண்டியை ஒருநாளும் தவறவிட்டதில்லை என்பதே அவருடைய மெய்க்கீர்த்தி. பச்சைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வீற்றிருந்த பஞ்சே அவருடைய படைக்கலம். உறையின் மடலைப் பஞ்சில் ஓர் இழு இழுத்து, மடித்து, அடுக்கி, அடுக்கின்மேல் பழைய வருகைப் பதிவேட்டைப் பாரமாக ஏற்றிவைத்தால், பிறகு அந்த உறையைப் பிரிக்கக் கடிதம் பெற்றவரே கத்தரிக்கோல் தேட வேண்டும்.

ஆயினும் மாவீரர் எவர்க்கும் மறைவாக ஒரு பலவீனம் உண்டு. நம் தலைவருக்கு அது விரல்நுனியில் இருந்தது. மூன்றரை மணிக்கு மூட்டையைக் கட்டி வாசலுக்கு இழுத்துச் சென்று, வண்டி வருமோ வராதோ என்று தெருமுனையையே நோக்கி நிற்கும் அந்த அரை மணி நேரந்தோறும், அவர் தம் நகங்களைத் தாமே கடித்து உண்டார். இருபத்திரண்டு ஆண்டு விருந்தின் பயனாகப் பத்து விரல்களும் தோலுரித்த வேர்க்கடலைபோல மழமழவென்று ஆகியிருந்தன.

கிழக்கு எல்லையில் ஆட்சி புரிந்த தட்டச்சரோ நகச்செல்வி. பத்து விரலிலும் பத்துப் பிறைகள் இளஞ்சிவப்பாய் உதித்து, விசைப்பலகைமீது குதிரைப்படை செல்லும் ஓசையை நாள்முழுதும் எழுப்பிக்கொண்டிருந்தன. அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, எவரும் கேளாமலே, தலைவர் அப்பிறைகளை நோக்கி ஓர் அறைகூவல் விடுத்தார்:

“இவ்ளோ நீளமா நகம் வளர்த்து என்னம்மா பண்ணப் போற? கிணறு வெட்டப் போறியா?”

தட்டச்சரின் ‘ட’ விசைமேல் மட்டும் அடி சற்று ஓங்கி விழுந்தது. வினை விதைத்த செய்தி விதைத்தவருக்குத் தெரியாது.

பதினொரு மணிக்குப் போர்முரசு முழங்கியது. புதிதாகத் தேர்வான மாணவர்களுக்கான சேர்க்கைக் கடிதங்கள், எண்ணிக்கையில் இருநூற்றுப் பன்னிரண்டு, மேசைமேல் மலையாய் வந்து இறங்கின. திங்கட்கிழமை காலைக்குள் நேரில் வந்து சேராதவர் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும் என்பது அக்கடிதங்களின் வாசகம். அன்றைய வண்டியில் ஏறினால் சனிக்கிழமை கையில் கிடைக்கும். மறுநாள் வண்டியில் ஏறினால் திங்கட்கிழமை பிற்பகல், எல்லாம் முடிந்த பிறகு, வாழ்த்துகளோடு வந்து சேரும். “நாலு மணி வண்டில போயிடணும், பார்த்துக்கங்க” என்ற பெருங்கட்டளையைப் படியின் பாதியிலேயே நின்று பிறப்பித்துவிட்டு, கண்காணிப்பாளர் மேலேறி மறைந்தார்.

பழைய கோந்து உறைகள் முந்திய வாரமே தீர்ந்திருந்தன. அலமாரியைத் திறந்தால் அணிவகுத்து நின்றது புதுப்படை. மடலின் உள்விளிம்பில் பசை. அப்பசைமேல் வழவழப்பான வெள்ளைப் பட்டை ஒன்று கவசம். பட்டையை உரித்து அழுத்தினால் போதும், நீரும் வேண்டாம், பஞ்சும் வேண்டாம். இதையெல்லாம் பெட்டியின்மேல் மூன்று படங்களாக வரைந்தே காட்டியிருந்தார்கள். படம் பார்த்துப் போர் புரிவது வீரர்க்கு இழுக்கு என்று கருதிய தலைவர் பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பஞ்சை நனைத்தார்.

ஒரு மணிக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு உறைகளிலும் கடிதம் புகுந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு மடல்களும் நீராடி மடிந்தன. மேலே பதிவேடு ஏறி அமர்ந்தது. வென்ற களத்தை விட்டு நீங்கும் வேந்தரென அவர் சாப்பாட்டு டப்பாவோடு எழுந்து போனார். இரண்டேகாலுக்குத் திரும்பி வந்து பதிவேட்டைத் தூக்கியதுதான் தாமதம், ஏரிக்கரையில் கல் விழுந்தாற்போல அத்தனை மடல்களும் வெண்கொக்குக் கூட்டமாய்ச் சிறகு விரித்து எழுந்தன.

அவர் நின்ற நிலையைக் கண்டு தட்டச்சர் தலை திருப்பாமலே சொன்னார்: “அண்ணே, அதுல வெள்ளையா ஒரு பட்டை இருக்கு பாருங்க. அத உரிச்சாத்தான் ஒட்டும். தண்ணி தொட்டு ஊரே ஏறி உட்கார்ந்தாலும் ஒட்டாது.”

நல்லவேளையாக நீர் கவசத்தின் மேலேயே நின்றுவிட்டது. உறைகளை மின்விசிறிக்குக் கீழே உலர்த்தியெடுத்து, தும்பை சூடாத குறையாகச் சட்டைக் கையை மடித்துவிட்டு, தலைவர் முதல் பட்டையின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்தார். விரல் வழுக்கியது. ஆள்காட்டி விரலை அனுப்பினார். அதுவும் பனிப்பாறைமேல் விட்ட யானையாய்ச் சறுக்கித் திரும்பியது. இருந்ததோ மயிரிழைப் பிளவு. அதனுள் நுழைய வல்லது நகம் ஒன்றே. அந்தப் படையையோ அவர் இருபத்திரண்டு ஆண்டுகளாக வாசலில் நின்று தின்று தீர்த்திருந்தார்.

காகிதக் கத்தியை உருவினார். அது கவசத்தை விட்டுவிட்டு மடலையே பிளந்து மறுபுறம் வந்தது. குண்டூசியை ஏவினார், அது பட்டையைக் குத்தாமல் தன்னை ஏவியவரையே குத்தி, வெள்ளுறைமேல் ஒரு துளிக் குருதி தெளித்தது. இனி எஞ்சியது ஒரே படை. எந்தப் பற்கள் நகங்களை அழித்தனவோ அந்தப் பற்களே களமிறங்கின. பட்டையின் முனையைக் கடித்து இழுத்தபோது எச்சில் தொடாத உத்தமர் என்னும் பட்டம் பறிபோனது. பட்டை பாதியில் அறுந்து உதட்டில் தொங்கியது. வெளிப்பட்ட பசை, பிடித்தால் விடாத பெருங்குணத்தால், மீசையின் இடப்பாகத்தைப் பற்றிக்கொண்டது. அதை மீட்டெடுத்தபோது மூன்று முடிகள் களத்திலேயே தங்கிவிட்டன. அவை முன்பின் அறியாத ஒரு மாணவிக்குச் சேர்க்கைக் கடிதத்தோடு பயணம் போயின.

மூன்றேகாலுக்குக் கணக்கெடுத்தார். ஒட்டியவை பத்தொன்பது. ஒட்டாதவை நூற்றுத் தொண்ணூற்று மூன்று. கையில் இருந்த உறையின் முகவரியை அப்போதுதான் படித்தார். பெயருக்குக் கீழே ‘தையற்கடை மாடி, பின்வாசல்’ என்று இருந்தது. சனிக்கிழமை அந்தப் பின்வாசல் படியில் யாரோ ஒரு பெண் இறங்கி இறங்கி ஏறுவாள் என்பது, இருபத்திரண்டு ஆண்டுகள் கடிதம் அனுப்பியவருக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. வாயில்புறம் ஒரு முறை பார்த்தார். பஞ்சை ஒரு முறை பார்த்தார். பிறகு, எந்த வேந்தரும் எந்தக் களத்திலும் திரும்பியிராத அத்தனை மெதுவாக, கிழக்கு நோக்கித் திரும்பினார்.

“அம்மா... கொஞ்சம் கை குடுக்குறியா?”

“கையா, நகமா?”

“நகந்தாம்மா.”

“எனக்குக் கிணறு வெட்டுற வேலை இருக்கே அண்ணே.”

காலையில் தாம் சொன்னது தப்புதான் என்று தலைவர் மீசையைத் தடவியபடி ஒப்புக்கொண்டார். அந்த மீசையைப் பார்த்த பிறகு தட்டச்சரால் வெகுநேரம் கோபமாக இருக்க இயலவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, உடன்படிக்கையின் ஒரே விதியை அறிவித்தார்:

“உரிச்சுத் தர்றேன். ஆனா நீங்க இனிமே நகம் கடிக்கக் கூடாது. இன்னைக்கே ஆரம்பம்.”

பஞ்சுக் கிண்ணத்தின்மேல் கைவைத்து அவர் சூளுரைத்தார்.

அதன்பின் நிகழ்ந்ததைக் காணக் கண்ணாயிரம் வேண்டும். இளஞ்சிவப்புப் பிறை ஒன்று மின்னும், கவசம் ஒன்று கழலும், மடல் கைமாறும், தலைவரின் மணிக்கட்டு பாறைபோல் இறங்கி அதை என்றைக்குமாக மூடும். இவர் உரிக்க அவர் அழுத்த, அவர் அழுத்துமுன் இவர் உரிக்க, சட்டையுரித்த பாம்புகள்போல வெள்ளைப் பட்டைகள் தரையெங்கும் சுருண்டு விழுந்து, மின்விசிறிக் காற்றில் எழுந்து, அலமாரிக் கதவிலும் கறுப்புக் குடையிலும் தலைவரின் முழங்கையிலும் வெற்றித் தோரணங்களாய்ச் சென்று ஒட்டின. தையற்கடை மாடியும் போயிற்று. கத்தி பிளந்த உறைக்குப் பதில் வேறுறை பூண்ட கடிதமும் போயிற்று. மூன்று ஐம்பத்தாறுக்கு இருநூற்றுப் பன்னிரண்டாவது மடல் மண்டியிட்டது.

மூட்டையைக் கட்டித் தோளில் ஏற்றி, வாகை சூடிய நடையில் வாசலை அடைந்தார் நகமில்லார். எல்லைக்கு வெளியே ஒருபோதும் கால்வைக்காத தட்டச்சரும், உடன்படிக்கையைக் கண்காணிக்கும் தூதராக, தேநீர்க் கோப்பையோடு பின்தொடர்ந்து வந்து படியில் அமர்ந்தார். நான்கு மணி அடித்தது. புறப்பகை அனைத்தும் வென்று, இனி வெல்வதற்குத் தம் பற்களன்றி வேறொரு பகை இவ்வுலகில் இல்லாத அப்பெருமகனார், இரு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் சிறையிட்டு, உதடுகளைக் கோட்டைக் கதவெனச் சாத்தி, தெருமுனைமேல் நட்ட பார்வை அசையாமல், இருபத்திரண்டு ஆண்டுப் பசி விரல்நுனி பத்திலும் கூவி அழைக்க அழைக்கச் செவிசாய்க்காமல், கல்லிற் செதுக்கிய காவல்தெய்வம்போல் நின்றார்.

வண்டி அன்றைக்கு ஐந்தேகாலுக்குத்தான் வந்தது.