பஸ் பார்த்துச் சொன்ன துறவி

தனியாக இருக்கப் போகிறேன் என்று கிளம்புகிற எவனும், நாலு பேர் ஓடிவந்து தடுப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் கிளம்புகிறான். தடுக்க ஆளில்லாவிட்டால் துறவறம் சப்பென்று போய்விடும். இதை நான் எந்த ஞான நூலிலும் படிக்கவில்லை. வில்லியனூர்ப் பக்கம் எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில், ஒரு செங்கல் தூணின் உச்சியில், மார்ச் மாத வெயிலில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. வேலை, வேலை தேடுவது. அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அக்கா கல்யாணமாகிப் பாகூர்ப் பக்கம் போய்விட்டாள். வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். பட்டாளத்தை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் மனுஷன் விறைப்பாகத்தான் தூங்குவார்.

அம்மா இருந்தவரை, அவர் சொல்வதை எனக்கும் நான் சொல்வதை அவருக்கும் அவள்தான் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவள் போனதும் அந்தத் தபால் நின்றுவிட்டது. அவர் சமைத்துவைத்துத் தட்டால் மூடிவிட்டுப் போவார். நான் சாப்பிட்டுவிட்டுக் கழுவிக் கவிழ்ப்பேன். இதுதான் எங்கள் பேச்சுவார்த்தை. (சண்டை ஏதுமில்லை. சண்டை போடவாவது வாயைத் திறக்க வேண்டுமே!) ஊரிலும் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. ‘சொல்தா மவன்’ என்றால் முடிந்தது. ஒரு நாள் நான் காணாமல் போனால் எத்தனை மணிக்குக் கண்டுபிடிப்பார்கள் என்று ராத்திரியெல்லாம் படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன். அசிங்கமான யோசனைதான், ஆனாலும் யோசித்தேன்.

இந்த லட்சணத்தில் தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை முடிந்ததும் எங்கள் பங்குச் சாமியார் ஒரு புனிதரின் கதை சொல்வார். அந்த வெள்ளிக்கிழமை சொன்னது சிமியோன் கதை. ஆதிகாலத்தில், சிரியா தேசத்தில், ஒரு தூணின் உச்சியில் ஏறி உட்கார்ந்து, வெயில் மழை பாராமல் வருஷக்கணக்கில் தவம் செய்தவர். இறங்கவே இல்லை. அவரைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்தார்களாம். ராஜாக்கள் ஆள் அனுப்பி யோசனை கேட்டார்களாம்.

என் ஞானஸ்நானப் பெயரும் சிமியோன்தான்!

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பொறுமையிலும் உபவாசத்திலும் சகிப்பிலும் அவர் எவ்வளவு பெரியவர் என்றுதான் சாமியார் சொன்னார். என் மண்டையில் ஏறியதோ வேறு. தூண்மேல் ஏறினால் ஜனங்கள் தேடி வருவார்கள். அதிலும், காணாமல் போன மகனைத் தேடி ஒரு தகப்பன் வருவார், கீழே நின்று அண்ணாந்து ‘சிமியோனே’ என்று கூப்பிடுவார். அது ஒன்று நடந்தால் போதும், மோட்சம்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

தூணுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. கோயிலுக்குத் திரும்பும் முனையில், பஸ் நிறுத்தத்தை ஒட்டி, மாதா பெயரில் வளைவு கட்டுகிறோம் என்று ஆரம்பித்து, ஒரு பக்கத்துத் தூணோடு நிறுத்திவிட்டிருந்தார்கள். தென்னையில் பாதி உயரம் இருக்கும். உச்சி சமதளமாக, சம்மணம் போட்டு உட்காரத் தோதாக இருந்தது. எனக்காகவே அந்த வேலை பாதியில் நின்றது என்று முடிவுகட்டினேன்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் கோயில் பின்புறத்திலிருந்து தோரணம் கட்டுகிற மூங்கில் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். சாத்தி, ஏறி, கிழக்கே பார்த்து உட்கார்ந்தேன். மனுஷ பலவீனத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று ஏணியைக் காலால் ஒரு உதை விட்டேன். அது புல்லில் போய் விழுந்தது. கையில் ஜெபமாலை, தோளில் துண்டு. தண்ணீர் கொண்டுபோகவில்லை. (புனிதர் தண்ணீருக்கு என்ன செய்தார் என்று சாமியார் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.)

முதலில் வந்தவர் கோயில் மணி அடிக்கும் சவரிமுத்து அண்ணன். என் முதல் பக்தர் என்று கண்ணை மூடி, முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டேன்.

“எந்தக் கம்மனாட்டிடா ஏணிய இங்க போட்டது?” என்றது குரல். கண்ணைத் திறந்து பார்த்தால், ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறார். மேலே ஒரு தரமாவது பார்க்க வேண்டுமே! கூப்பிட்டிருக்கலாம். துறவி ஏணிக்குக் கூப்பாடு போடுவதா என்ற கௌரவம் தடுத்தது. விட்டுவிட்டேன்.

அடுத்து கீரைக்கார அம்மா கூடையோடு வந்து தூண் நிழலில் நின்றாள். கூடையை இறக்கும்போது தற்செயலாக அண்ணாந்தாள்.

“அய்யய்யோ! யாரு? சொல்தா மவனா? அங்க இன்னாடா பண்ற?”

நான் மௌனம்.

“சரி, கெடக்கட்டும். பஸ்ஸு வருதா பாரு.”

நான் மௌனம்.

“காது கேக்கலையா? அந்த ரோட்டு வளைவுல தூசி கெளம்புதா பாருடா!”

பார்த்தேன். கிளம்பியது. மௌன விரதமாச்சே, வாயைத் திறக்கக் கூடாது என்று வலது கையை மட்டும் உயர்த்தினேன். “நல்லா இருப்பா” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் வந்தவர்களுக்கெல்லாம் அதே வேலை. கரும்பு வெட்டப் போகிறவர்கள், டவுனுக்கு வேலைக்குப் போகிறவர்கள், பால்காரர், ஒருவர் பாக்கியில்லை. “தம்பி, வருதாப்பா?” நான் ஆசீர்வதிப்பது போலக் கையை உயர்த்துவேன். ஏறிப் போவார்கள், நான் மறுபடி கண்ணை மூடிக்கொள்வேன். புனிதரிடம் ராஜாக்கள் யோசனை கேட்டார்கள். என்னிடம் வில்லியனூர் பஸ் கேட்டார்கள். ஏன் ஏறினாய், சாப்பிட்டாயா, உனக்கு என்ன குறை என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. ஏதோ வேலையாய் ஏறியிருக்கிறான், சுண்ணாம்பு அடிக்க வந்திருப்பான் என்று நினைத்தார்களோ என்னவோ.

பத்து மணி வாக்கில் அப்பா வந்தார்.

தூரத்திலேயே அந்த விறைப்பான சைக்கிளைத் தெரிந்துகொண்டேன். தேடிக் கிளம்பிவிட்டார்! முதுகை நிமிர்த்தினேன். அவர் நேராக வந்தார், தூணுக்குக் கீழே வந்தார், என் நிழலை மிதித்துக்கொண்டு கடந்து போனார். அரைமணி கழித்து, பின்னால் நீட்டு ரொட்டியைக் கட்டிக்கொண்டு அதே விறைப்போடு திரும்பினார். ரொட்டி இரண்டு இருந்தது. ஒன்று எனக்கு. நான் வீட்டில் இல்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை.

கூப்பிட்டுவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. நானே கூப்பிட்டால் அப்புறம் எதற்கு ஏறினேன்? பேசாமல் இருந்தேன். சைக்கிள் திரும்பி மறைந்ததும் கண்ணில் நீர் வந்தது. தாகத்தில் உடம்பில் இருந்த மிச்சத் தண்ணீரும் அப்படிப் போயிற்று.

மத்தியானம் ரோடு காலியாகிவிட்டது. ஒரு ஆள் இல்லை, ஒரு மாடு இல்லை. செங்கல் சுட்டது. துண்டை நாலாக மடித்து அடியில் போட்டால் தலை காய்ந்தது, தலையில் போட்டால் அடி வெந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தால் ஊர் முழுக்கத் தெரிந்தது எனக்கு. ஓடுகள், கூரைகள், புகை, எல்லா வீட்டுக்குள்ளும் யாரோ யாருக்கோ சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். ‘அம்மா, நீ இருந்திருந்தா இந்நேரம் ஊரையே கூட்டியிருப்பியே’ என்று வாய்விட்டே சொல்லி அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன், கேட்பதற்குத்தான் ஆளில்லை. புனிதர் இத்தனை வருஷம் தாங்கினார் என்றால் அவருக்கு ஆண்டவர் துணை இருந்திருக்கிறார். எனக்கு அவரும் மத்தியானத் தூக்கத்துக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது. இறங்கிவிடலாம் என்று பார்த்தால் ஏணியும் இல்லை. குதித்தால் கால் போகும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பக்தியாய் இல்லை, தலைச்சுற்றலுக்காக, மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன்.

நாலு மணி இருக்கும். தூக்கிவாரிப்போட்டது ஒரு சத்தம்.

“டேய்! எவன்டா அவன், எம்மூட்டுத் தோட்டத்தப் பாத்துனு குந்தினு இருக்கறவன்?”

கண்ணைத் திறந்தேன். கிழக்கே, எனக்கு நேர் எதிரே, உபதேசியார் வீட்டுத் தோட்டம். கிணறு, துவைக்கிற கல், குளிக்கிற தட்டி மறைப்பு. மேல்பக்கம் மூடாத மறைப்பு! ஜெபத்துக்குக் கிழக்கு நல்லது என்று உட்கார்ந்தவன், கிழக்கில் என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. உபதேசியார் ஊருக்கே ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர், முன்கோபி. வீட்டில் மனைவியும், மதலேன் என்று கல்யாண வயசில் ஒரு மகளும் உண்டு. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

காலையிலிருந்து நான் ஏங்கிய கூட்டம் அஞ்சு நிமிஷத்தில் கூடிவிட்டது. எல்லோரும் அண்ணாந்து என்னையே பார்த்தார்கள்.

“காலைலேந்து குந்தினு இருக்கான்யா! நான் ஏதோ பஸ்ஸு பாக்கறான்னு நெனச்சேன்.” இது பால்காரர்.

“நான் தவமிருந்தேன். புனிதர் சிமியோனைப் பின்பற்றி...” என்று மேலிருந்து சுத்தத் தமிழில் ஆரம்பித்தேன். கூட்டம் ஓவென்று சிரித்தது. உபதேசியார் சிரிக்கவில்லை.

“தவமாம் தவம்! பொம்பளைங்க குளிக்கற எடத்தப் பாத்துனு தவமாடா?”

யாரோ போய் அப்பாவைக் கூட்டிவந்தார்கள். சவரிமுத்து அண்ணன் ஏணியைச் சாத்தினார். அப்பா கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். சிமியோனே என்று கூப்பிடவில்லை. “தெஸான்!” என்றார். இறங்கு என்று பிரெஞ்சில் உத்தரவு. கோபம் உச்சிக்குப் போனால் அவருக்குத் தமிழ் வராது.

மரத்துப்போன காலோடு இறங்கினேன். அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அடி விழவில்லை. அப்பா என்னைத் தாண்டிப் போய், உபதேசியார் முன்னால் நின்று, இரண்டு கையையும் கூப்பினார். சாமியாருக்குக்கூடக் கை கூப்பாமல் சல்யூட் அடித்துவிட்டுப் போகிற மனுஷன்.

“தாயில்லாத புள்ள” என்றார். “நான்தான் கவனிக்கல.”

எனக்கு உயிரே போய்விட்டது. அந்தத் தூணிலிருந்து தலைகுப்புற விழுந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. இனிமேல் இந்த ஊரில் அவர் மகன் குளிக்கிற பெண்களைப் பார்த்தவன். அவர் சைக்கிளில் போகும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் அதைச் சொல்வார்கள். ‘நான் பார்க்கவில்லை’ என்று சொல்ல வாயைத் திறந்தேன், நாக்கு காய்ந்து காற்றுதான் வந்தது.

“நாளைக்குப் பூசைல கோயிலுக்கு வெளிய முட்டி போட்டு நிக்கணும். ஊரே பாக்கணும்” என்றார் உபதேசியார்.

“அவரு எதையும் பாக்கலப்பா.”

கூட்டம் திரும்பியது. மதலேன். தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்த கோலம், கழுத்தில் அளவு நாடா. கையில் ஒரு சொம்பு.

“நீ உள்ள போடி.”

“கண்ண மூடினேதான் இருந்தாரு. பஸ்ஸுக்குத் தெறந்தாரு, அப்பவும் ரோட்டுப் பக்கந்தான் திரும்பினாரு. மத்தியானம் அழுதாரு. அப்புறம் தெறக்கவே இல்ல.”

“அதெல்லாம் உனக்கு எப்பிடித் தெரியும்?” என்றார் உபதேசியார்.

“காலைலேந்து நான் பாத்துனுதான இருக்கேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது போலிருக்கிறது. சொம்பை என் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டாள். நான் தண்ணீர் குடிக்கிற மடக் மடக் சத்தம்தான் கேட்டது. (அந்த நேரத்திலும் குடித்தேன், வெட்கங்கெட்டவன்.) அப்புறம் கீரைக்கார அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“உபதேசியாரே, முட்டி போட வேண்டியது யாருன்னு இப்ப நீயே சொல்லு.”

அப்பா சிரித்தார். அம்மா போனபின் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். உபதேசியார், இந்தப் பேச்சு ஊர் தாண்டுவதற்குள் ஒரு வழி பண்ண வேண்டும் என்று அப்பாவைத் தனியாகக் கூட்டிப்போனார். வீட்டுக்கு வந்ததும் அப்பா ரொட்டியை எடுத்துவைத்து, “சாப்புடு சிமியோனு” என்றார்.

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று பூசையில் அறிவிக்கிற ஓலையைத் தவக்காலத்தில் வாசிக்க மாட்டார்கள். ஈஸ்டர் முடிந்ததும் கோயிலில் எங்கள் கல்யாண ஓலை வாசித்தார்கள். துறவியாக ஏறியவன் மாப்பிள்ளையாக இறங்கினான் என்று சாமியார் பூசையிலேயே சொல்லிச் சிரித்தார். இன்றைக்கும் என்னைத் தேடி வந்து அப்பா எங்கே என்று யாராவது கேட்டால், எங்கள் பிள்ளைகள் “மேல பாருங்க” என்பார்கள். சம்பந்தி வீட்டார் முன்னால்கூட விடுவதில்லை.

மதலேனிடம் கேட்கக் கூச்சப்பட்டு வருஷக்கணக்கில் கேட்காமல் வைத்திருந்த ஒரு கேள்வி எனக்கு இருந்தது. போன வருஷம் ஒரு நாள், அவள் தைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

“சவரிமுத்து அண்ணன் ஏணிய எடுத்துனு போனாரே, அதப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“நான் மாட்டிக்கினேன்னு அப்பவே தெரியும்?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் யாரையும் கூப்புடல? சாயங்காலம் வரைக்கும் காயவுட்டியே!”

அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

“கூப்ட்டா எறக்கிடுவாங்களே.”