கசட்டுப் பிரம்மாக்கள்

வீட்டில் பயோகேஸ் பிளான்ட் வைத்திருப்பவர்களில் இரண்டு இனம் உண்டு. அடியில் தங்கும் கசட்டை வாழை மூட்டில் கொட்டிவிட்டுக் கையைக் கழுவுகிறவர்கள் முதல் இனம்; அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. அதே கசட்டைத் துணியில் வடிகட்டி, பிழிந்து, உருட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதுல என்னமோ இருக்கு" என்று முணுமுணுக்கிறவர்கள் இரண்டாவது இனம். இவர்கள் கசட்டுப் பிரம்மாக்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். காற்று திசை மாறினால் தெரியும்.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம் பகுதிப் பிரம்மாவின் பெயர் தாணுலிங்கம். ஓய்வுபெற்ற கணக்காளர். கசட்டில் உமி கலந்து பூச்சட்டி செய்தார், மரத்தூள் கலந்து பலகை செய்தார், வேப்பிலை கலந்து கொசுவத்தி செய்தார், அந்தப் புகையில் கொசுக்கள் இளைப்பாறுவதைக் கண்டும் மனம் தளராமல் கல்யாண வீடுகளுக்கெல்லாம் சட்டியையே பரிசாகச் சுமந்துபோனார். அந்த ஊரில் வெயில் என்பது இரண்டு மழைக்கு நடுவில் விடும் இடைவேளை. எதுவும் காயாது. காய்ந்தாலும் நிற்காது. அதனால் என்ன? பிரம்மா தோல்வியை ஒப்புக்கொண்டு எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

"அங்கிளே, நீங்க தந்த சட்டி மழையில அலிஞ்சு போயி, கேட்டோ. ரோஜாச் செடி தனியா நிக்குது" என்பாள் எதிர்வீட்டு பிந்து, பாதி மலையாளத்தில்.

"சட்டியே உரமாயிட்டு, பாத்தியா? ரெண்டு உபயோகம்!"

"அதுக்கு அச்சு வாக்க என் இட்லிக் கொப்பரையா கெடச்சுது?" என்பாள் உள்ளேயிருந்து அவர் மனைவி நீலாம்பாள்.

மகள் திவ்யலட்சுமி புனேயில் கழிவுநீர்ப் பொறியாளர். அப்பாவின் பலகையை ஒருமுறை ஆய்வகத்தில் அழுத்திப் பார்த்தாள். பிஸ்கட் அதைவிட உறுதி. அவரிடம் சொல்லவில்லை.

தை மாதம் நீலாம்பாள் இறந்துபோனாள். காரியங்கள் முடிந்ததும் அப்பாவைக் கூட்டிப்போக மகள் இரண்டு டிக்கெட் எடுத்தாள். பிரம்மா மறுத்துவிட்டார். தினமும் பிளான்டுக்குச் சமையல் கழிவைத் தீனியாகப் போட வேண்டுமாம்.

போடத்தான் செய்தார். பதினாறாம் நாள் விருந்தில் மிஞ்சிய சாம்பார், புளிக்கறி, பாயசம், அண்டாச் சோறு அத்தனையையும் ஒரே மத்தியானத்தில் உள்ளே தள்ளினார். "அவ பேர்ல போட்ட சாப்பாடு. குப்பை வண்டியிலயா ஏத்துவேன்?" நாளுக்கு ஒரு வாளி தின்று பழகிய பிளான்ட் அது. என்ன ஆகும்? புளித்துப்போயிற்று.

"கேஸ் வருது மக்ளே. பத்த மாட்டேங்கு." அடுப்பின் முன் நின்று தீக்குச்சி தீக்குச்சியாகக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

திவ்யலட்சுமிக்குக் காரணம் தெரியும். வருவது கரியமில வாயு, எரியாது. இன்னும் சில நாள் இப்படியே ஊட்டினால் உள்ளேயிருக்கும் நுண்ணுயிர்கள் சாகும். பிளான்ட் சாகும். அப்பாவின் சாக்கும் அதோடு போகும். அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வாயை மூடிக்கொண்டிருப்பது. அதற்குப் பொறியியல் கூடத் தேவையில்லை.

"நீ படிச்சவ. சொல்லு, இது செத்துட்டா?"

அவள் பெட்டியை மூடினாள். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது.

"அதுக்கில்ல," என்றார் அவர், அடுப்பைப் பார்த்தபடியே. "அடியில கெடக்கது இப்பவும் அவ நறுக்கிப்போட்ட காய்த்தோலுதான். இனிமே வரது எல்லாம் ஓட்டல் சாப்பாடு."

கசட்டைப் பற்றி இப்படிப் பேசுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஒரு நல்ல பொறியாளரை அரை நிமிடத்தில் கெடுத்துவிடுவார்கள்.

"சாகலப்பா. புளிச்சிருக்கு, அவ்வளவுதான். தீனிய நிறுத்துங்க. சுண்ணாம்புத் தண்ணி விடணும்."

"எவ்வளவு?"

"கொஞ்சம் கொஞ்சமா. அளந்து பாத்து." பிறகு சொன்னாள்: "நீங்க மொத்தமாக் கொட்டிருவிய. நானே விடுறேன்."

அன்றே இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்தாள். அலுவலகத்துக்கு லீவு எழுதினாள். காரணம் என்ற இடத்தில் 'குடும்பத்தில் ஒருவருக்கு வயிற்றுக் கோளாறு' என்று போட்டாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று. சுண்ணாம்பு எதற்கு, நன்றாக ஓடும் வேறொரு பிளான்டிலிருந்து இரண்டு வாளி கசடு கொண்டுவந்து ஊற்றினால் போதுமே என்று இந்நேரம் உங்கள் மனதில் ஓடியிருந்தால், மெல்லத் திரும்பிப் பாருங்கள். உங்கள் வீட்டார் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.